நடுக்குவாதமும் பழுதான மைட்டோகாண்ட்ரியாக்களும்: வாசகர் கேள்வி – பதில்

நடுக்குவாதம் எனப்படும் பார்கின்சன் நோயில், பழுதான மைட்டோகாண்ட்ரியாக்களை (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்புகளை) நரம்பு செல்கள் எவ்வாறு அப்புறப்படுத்துகின்றன, அந்த வேலை தடைப்பட்டால் என்ன நேர்கிறது என்பதை ஆராயும் செல் உயிரியலாளர் ஒருவரின் நேர்காணலைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தோம். அவர் வலங்கைமானில் பிறந்தவர். இப்போது பெங்களூருவில் ஆய்வு செய்து வருகிறார். அதைப் படித்துவிட்டு டெல்டா மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு அவரே இங்கு விடையளிக்கிறார்.

அம்மையீர், நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 68. பார்கின்சன் நோய் என்று சென்ற ஆண்டு கண்டறிந்தார்கள். மூளையில் டோபமின் குறைந்துவிட்டது என்று மருத்துவர் மாத்திரை தருகிறார். தாங்களோ மைட்டோகாண்ட்ரியாவில் பழுது என்கிறீர்கள். இவற்றில் எதை நான் எடுத்துக்கொள்வது?
— மயிலாடுதுறை வாசகர்

இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம், ஐயா. உங்கள் மருத்துவர் சொல்வது நேர்ந்துவிட்ட இழப்பைப் பற்றி. நான் ஆராய்வது அந்த இழப்புக்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்றைப் பற்றி.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் 1817இல் இந்நோயை விவரித்து எழுதியபோது, உடலின் எந்தப் பகுதி கெடுகிறது என்பது அவருக்குத் தெரியாது. நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்னும் கருநிறப் பகுதியில் உள்ள நரம்பு செல்கள் மடிகின்றன என்பது பின்னர் தெரியவந்தது. அவை டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து, உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் மற்றொரு மூளைப் பகுதிக்கு அனுப்புபவை. நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதை 1960இல் வியன்னாவில் ஹோர்னிகிவிச் காட்டினார்; 1967இல் அமெரிக்காவில் காட்சியாஸ், டோபமினாக மாறக்கூடிய டோபாவை வாய்வழியே படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து நோயாளிகளை நடக்க வைத்தார். நீங்கள் இன்று விழுங்கும் லெவோடோபா மாத்திரை அந்த வழியில் வந்ததுதான். குறைந்த பொருளை அது ஈடுசெய்கிறது. செல்கள் மடிவதை அது நிறுத்துவதாக இதுவரை நிறுவப்படவில்லை.

மூளையில் எத்தனையோ கோடி செல்கள் இருக்க, இவை மட்டும் ஏன் முதலில் மடிகின்றன? இந்த வகைச் செல் ஒன்று தன் இழையைப் பல்லாயிரம் கிளைகளாகப் பிரித்து வெகுதூரம் பரப்புகிறது. மனித மூளையில் அத்தகைய ஒரே செல்லின் கிளைகளை நீட்டி வைத்தால் சில மீட்டர் நீளம் வரும் என்றும், அது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைப் பேணுகிறது என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். யாரும் தூண்டாமலே அது இரவும் பகலும் சீராகத் துடித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கால்சியம் உள்ளே நுழைகிறது, நுழைந்ததை வெளியேற்ற ஆற்றல் செலவாகிறது. போதாக்குறைக்கு, டோபமினே ஆக்சிஜனேற்றம் அடைந்தால் நச்சாக மாறக்கூடியது. இத்தனை செலவுக்கும் ஆற்றல் தருபவை செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள். தோல் செல் கெட்டால் புதுச் செல் பிறக்கும். இந்த நரம்பு செல்லோ பிரிந்து பெருகாமல், நீங்கள் பிறந்த நாள் முதல் இன்றுவரை அதே செல்லாக இருந்து வருகிறது. ஆகவே தன் உறுப்புகளில் கெட்டதைக் கழித்து நல்லதை வைத்துக்கொண்டால்தான் அது எழுபது எண்பது ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தராததோடு நிற்பதில்லை. தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கசியவிடுகிறது, நிலைமை முற்றினால் செல்லின் சாவுக்கான ஆணையையும் அதுவே பிறப்பிக்கிறது.

உங்கள் கடிதத்தைப் பற்றி ஒரு சொல். முதல் வரியில் கம்பீரமாக நின்ற எழுத்துகள் பக்கத்தின் அடிக்கு வருகையில் கடுகளவாகிவிட்டன; கடைசி வரியில் ‘ணை’யின் சுழிகளை எண்ண எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. எழுத்து இவ்வாறு சிறுத்துக்கொண்டே போவது இந்நோயின் நன்கறியப்பட்ட அடையாளம். அகலக் கோடிட்ட தாளில், இரு கோடுகளையும் தொடுமாறு எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு ஓர் எல்லை கிடைத்தால் கை அதை எட்டிப்பிடிக்கிறது என்பதைப் பலரிடம் கண்டிருக்கிறார்கள்.

வணக்கம் மேடம். நான் இளநிலை விலங்கியல் இறுதியாண்டு மாணவி. ஒரு செல்லில் நூற்றுக்கணக்கான மைட்டோகாண்ட்ரியாக்கள் இருக்கும்போது, அவற்றுள் எது பழுதானது என்பதைச் செல் எப்படிக் கண்டுபிடிக்கிறது?
— கும்பகோணம் வாசகி

இந்தக் கேள்விக்கு மட்டும் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன். என் பிழைப்பே இதில்தான் இருக்கிறது.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு என்பதைப் படித்திருப்பீர்கள். உணவிலிருந்து கிடைத்த எலக்ட்ரான்களைக் கைமாற்றிக்கொண்டே, உள்சவ்விலுள்ள புரதக் கூட்டங்கள் புரோட்டான்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளுகின்றன. மேட்டூரில் தேங்கிய நீர் சுரங்க மின்நிலையத்தின் சுழலியைச் சுற்றிவிட்டு நம் ஆற்றுக்கு இறங்குவதுபோல, தேங்கிய புரோட்டான்கள் ஒரு சுழலும் நொதியின் வழியே திரும்ப இறங்குகையில் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உருவாகிறது. இந்தத் தேக்கத்தால் உள்சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையே ஏறத்தாழ 150 முதல் 180 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு நிலவுகிறது. மைட்டோகாண்ட்ரியா நலமாக இருக்கிறதா என்பதைச் செல் அறிவது இந்த மின்னழுத்தத்தைக் கொண்டுதான்.

அதை அளக்கும் கருவி பிங்க்1 என்னும் புரதம். செல் அதை ஓயாமல் தயாரித்து மைட்டோகாண்ட்ரியாவுக்கு அனுப்புகிறது. மின்னழுத்தம் சரியாக இருந்தால் பிங்க்1 உள்சவ்வு வரை இழுக்கப்பட்டு, அங்கே பார்ல் என்னும் நொதியால் வெட்டப்பட்டு, சில நிமிடங்களுக்குள் அழிக்கப்படுகிறது. அதாவது, நலமான மைட்டோகாண்ட்ரியாவில் பிங்க்1 காணக்கிடைக்காது. மின்னழுத்தம் விழுந்துவிட்டால் உள்ளே இழுக்கும் விசை இல்லை. பிங்க்1 வெளிச்சவ்விலேயே நின்று சேர்ந்துவிடுகிறது. தயாரித்துத் தயாரித்து உடனே அழிப்பது வீண்செலவு என்று தோன்றலாம். ஆனால் பழுது நேர்ந்த பிறகு ஆளைத் தேடாமல், ஆள் எப்போதும் வாசலில் இருக்கும்படி செல் ஏற்பாடு செய்திருப்பது இந்தச் செலவால்தான்.

வெளிச்சவ்வில் நின்ற பிங்க்1, அங்கே ஒட்டியிருக்கும் யுபிக்குவிட்டின் என்னும் சிறு புரதத்தின் 65ஆவது இடத்திலுள்ள செரின் என்னும் அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. 2014இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இதைக் கண்டறிந்தன. பாஸ்பேட் ஏறிய யுபிக்குவிட்டின், செல்லின் திரவப் பகுதியில் செயலற்றுத் திரிந்துகொண்டிருக்கும் பார்க்கின் என்னும் நொதியை இழுத்துப் பிடிக்கிறது. பிங்க்1 பார்க்கினிலும் ஒரு பாஸ்பேட்டை ஏற்றி அதை முழுமையாக விழிக்கச் செய்கிறது. விழித்த பார்க்கின் மைட்டோகாண்ட்ரியாவின் மேற்பரப்பெங்கும் மேலும் யுபிக்குவிட்டின்களை ஒட்டுகிறது. அவற்றிலும் பிங்க்1 பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அவை இன்னும் பல பார்க்கின்களை அழைக்கின்றன. இப்படி ஒன்றையொன்று வளர்த்துச் சில நிமிடங்களில் அந்த மைட்டோகாண்ட்ரியா முழுவதும் குறியிடப்பட்டுவிடுகிறது. அந்தக் குறியை ஆப்டினியூரின், என்டிபி52 போன்ற ஏற்பிகள் படித்து, அதைச் சுற்றி இரட்டைச் சவ்வாலான ஒரு பை எழும்பச் செய்கின்றன. பை மூடிக்கொண்டு, செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோமுடன் இணைந்துவிடுகிறது. பை எழும்பும் இந்தப் பொதுவான ஏற்பாட்டை ஈஸ்ட்டில் ஆராய்ந்ததற்காகத்தான் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது.

பார்க்கின் இவ்வாறு பழுதான மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சென்று சேர்கிறது என்பதை முதலில் காட்டியவர்கள் அமெரிக்காவில் டெரெக் நரேந்திராவும் ரிச்சர்ட் யூலும், ஆண்டு 2008. அந்தச் சோதனையை எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்களை இன்றும் செய்யச் சொல்கிறோம். பச்சை ஒளி வீசும் பார்க்கினை வளர்ப்புச் செல்களில் இட்டு நுண்ணோக்கியில் வைத்தால், செல் முழுவதும் மங்கலான பச்சைப் பனி படர்ந்ததுபோல் இருக்கும்; சிவப்புச் சாயம் ஏற்றிய மைட்டோகாண்ட்ரியாக்கள் நூல் நூலாக ஓடும். மின்னழுத்தத்தைக் குலைக்கும் சிசிசிபி என்னும் வேதிப்பொருளைச் சில துளிகள் விட்டால், முதலில் அந்தச் சிவப்பு நூல்கள் அறுபட்டுத் துண்டுதுண்டாகச் சுருளும். அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் செல்லின் நடுவில் பச்சைப் பனி வெளிறி, ஒவ்வொரு சிவப்புத் துண்டின் விளிம்பிலும் பச்சை ஏறும். இருட்டறையில் உட்கார்ந்து இதைப் பார்க்கும் மாணவர்கள் அதன்பின் காபிக்கு எழுந்து போவதில்லை. மறுநாள் பார்த்தால் பல செல்களில் சிவப்பே குறைந்துபோயிருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் உங்கள் தேர்வுக்கு வேண்டுமானால் போதும், அறிவியலுக்குப் போதாது. சிசிசிபி என்பது செல்லிலுள்ள எல்லா மைட்டோகாண்ட்ரியாக்களையும் ஒரே அடியில் வீழ்த்தும் முரட்டு மருந்து. மனித மூளையில் அப்படி எதுவும் நடப்பதில்லை. அங்கே நடப்பது எங்கோ ஒரு கிளையின் நுனியில் ஒன்றிரண்டு மெல்லக் கெடுவது. செல் வளர்ப்பு வட்டிலில் கண்டதை மூளைக்கு அப்படியே ஏற்றிச் சொல்வதில் எங்கள் துறையினர் சில ஆண்டுகள் அவசரம் காட்டினார்கள் என்பது என் கருத்து. அதைக் கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

வணக்கம் அம்மா. நான் ஐந்து ஏக்கர் குறுவை, சம்பா சாகுபடி செய்கிறேன். வரப்புக்கும் தரிசுக்கும் களைக்கொல்லி, பயிருக்குப் பூச்சிமருந்து என்று வருடம் முழுக்க மருந்தடிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் இருவருக்குக் கை நடுக்க நோய் வந்துவிட்டது. மருந்தடிப்பதால் வருமா?
— மன்னார்குடி வாசகர்

உங்கள் தெருவில் அந்த இருவருக்கும் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வயது கூடக்கூட இந்நோய் தற்செயலாகவே பலருக்கு வருகிறது. ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. சொல்லப்போனால், மைட்டோகாண்ட்ரியாவின் மீது எங்கள் துறையின் பார்வை திரும்பியதே ஒரு நஞ்சால்தான்.

1982இல் கலிபோர்னியாவில் இளம் வயதினர் சிலர் ஒரே இரவில் மரக்கட்டைபோல் விறைத்து, பேசவோ அசையவோ முடியாமல் மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்கள் அனைவரும் கள்ளத்தனமாகத் தயாரிக்கப்பட்ட செயற்கைப் போதைமருந்தை ஊசியாக ஏற்றிக்கொண்டவர்கள். லெவோடோபா கொடுத்ததும் அசைந்தார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்னும் நரம்பியல் மருத்துவர் துப்புத் துலக்கியதில், தயாரிப்பில் நேர்ந்த பிசகால் எம்பிடிபி என்னும் பொருள் அதில் கலந்திருந்தது தெரிந்தது. அது மூளைக்குள் நுழைந்து வேறொரு பொருளாக மாறி, டோபமின் செல்கள் டோபமினை உள்ளிழுக்கும் அதே வாயில் வழியாகப் புகுந்து, மைட்டோகாண்ட்ரியாவின் முதல் புரதக் கூட்டத்தை, அதாவது காம்ப்ளக்ஸ் ஒன்றை, அடைத்துவிடுகிறது. பின்னர் 1989இல், இத்தகைய நஞ்சு எதையும் தொடாத சாதாரண நோயாளிகளின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவிலும் அதே கூட்டம் நலிந்திருப்பதைக் கண்டார்கள்.

இனி உங்கள் மருந்துக்கு வருகிறேன். தாவர வேரிலிருந்து எடுக்கப்படும் ரோட்டினோன் என்னும் பூச்சிக்கொல்லியும் காம்ப்ளக்ஸ் ஒன்றையே தடுக்கிறது. அதை எலிகளுக்குத் தொடர்ந்து செலுத்தினால் பார்கின்சன் போன்ற மாற்றங்கள் தோன்றுவதை 2000இல் காட்டினார்கள். வரப்பில் அடிக்கும் பாராகுவாட் களைக்கொல்லி, எம்பிடிபியிலிருந்து உருவாகும் நச்சுப்பொருளின் அமைப்பை ஒத்தது. அது வேறு வழியில், தீய ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெருக்கிச் செல்லைக் கெடுக்கிறது. அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் விவசாயிகளிடமும் மருந்தடிப்பவர்களிடமும் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது: பாராகுவாட்டையோ ரோட்டினோனையோ கையாண்டவர்களிடம் பார்கின்சன் நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. அதே ஆய்வின் தொடர்ச்சியில், கையுறை அணிந்து வேலை செய்தவர்களிடம் இந்தத் தொடர்பு பலவீனமாக இருந்தது. இரண்டரை மடங்கு என்றவுடன் மருந்தடிப்பவர் எல்லோருக்கும் வந்துவிடும் என்று பொருளல்ல, பெரும்பாலானோருக்கு வருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் பாராகுவாட்டுக்கு அனுமதி இல்லை. இந்தியாவில் விற்பனையில் இருக்கிறது. தவறி விழுங்கினால் அதற்கு மாற்று மருந்து கிடையாது என்பதே அதை வீட்டிலிருந்து தள்ளி வைக்கப் போதுமான காரணம்.

நம் பக்கம் மருந்தடிப்பதை நான் பார்த்தே வளர்ந்திருக்கிறேன். முதுகில் மாட்டும் டேங்கின் மூடி சரியாகப் பொருந்தாமல், குனியும்போதெல்லாம் மருந்து வழிந்து சட்டையின் முதுகுப்பக்கம் முழுக்க நனைந்து, அந்த ஈரத்தோடேயே மதியம் வரை வேலை நடக்கும். நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஊதுவார்கள். பாராகுவாட்டானாலும் வேறெதுவானாலும் இந்த இரண்டையும் முதலில் நிறுத்துங்கள். மூடியின் வாஷரை மாற்றுங்கள். நாசிலைத் தண்ணீரில் கழுவி, பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்யுங்கள். நைட்ரைல் கையுறை மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. மருந்தைத் தண்ணீரில் கலக்கும்போதுதான் கையில் அடர்த்தியாகப் படுகிறது என்பதால் அப்போது கட்டாயம் அணியுங்கள். வேலை முடிந்ததும் குளித்துவிட்டு, அந்தச் சட்டையைத் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள்.

டாக்டர் அம்மா, என் கணவர் பட்டுத் தறி நெய்பவர். வயது 33. ஒரு வருடமாகத் தறியில் மிதிக்கும்போது இடது கால் உள்பக்கம் மடங்கி இழுத்துக்கொள்கிறது. தூங்கி எழுந்தால் காலையில் நன்றாக இருக்கிறது. இப்போது கையும் மந்தமாகிவிட்டது. இள வயது பார்கின்சனாக இருக்கலாம் என்கிறார்கள். என் மாமனார் தன் அக்காள் மகளையே கட்டியவர். நானும் என் கணவருக்கு மாமன் மகள்தான். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கும் வருமா?
— திருபுவனம் வாசகி

அம்மா, நான் மருத்துவர் அல்ல. ஆய்வு செய்து டாக்டர் பட்டம் பெற்றவள் மட்டுமே. எனவே நோய் இன்னதுதான் என்று நான் சொல்வது முறையல்ல. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள்: கால் மடங்குவது, தூங்கி எழுந்ததும் சரியாக இருப்பது, சொந்தத்துக்குள் மணம். இந்த மூன்றும் அவருக்குப் பெரிதும் பயன்படும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக வில்சன் நோய் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளச் சொல்லுங்கள். உடலில் செம்பு தேங்குவதால் வரும் அந்த நோயும் இளவயதில் இதே போன்ற தொல்லைகளைத் தரும். அதுவும் சொந்தத்தில் மணந்த குடும்பங்களில் கூடுதலாக வரும். இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் அளவையும் கண்ணின் கருவிழி ஓரத்தையும் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். மிக முக்கியமாக, அதற்கு மருந்து இருக்கிறது.

அது இல்லையென்றால், கும்பகோணம் வாசகிக்கான பதிலில் நான் விவரித்த பார்க்கின், பிங்க்1 ஆகியவற்றின் மரபணுக்களைச் சோதிக்க மருத்துவர் பரிந்துரைக்கலாம். பார்க்கின் மரபணுவை 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது, இளவயதில் இந்நோய் கண்ட குடும்பங்களை ஆராய்ந்தே. பிங்க்1க்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு 2004இல் தெரிந்தது. இவை ஒடுங்கு மரபணு நோய்கள்: தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என நம்மிடம் உள்ள இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தால்தான் நோய் வரும், ஒன்று பழுதானால் ஆள் பொதுவாக நலமாகவே இருப்பார். தாய்மாமனும் அக்காள் மகளும் மணந்தால், அவர்கள் பிள்ளைக்கு எந்த ஒரு மரபணுவிலும் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்து சேர்வதற்கான வாய்ப்பு எட்டில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் பதினாறில் ஒன்று. ஆகவேதான் ஒளிந்திருக்கும் பழுது இத்தகைய குடும்பங்களில் வெளிப்படுகிறது. யார் செய்த பாவமும் இதில் இல்லை.

உங்கள் கணவரின் இரண்டு பிரதிகளும் பழுதென்று சோதனையில் தெரிந்தால், பிள்ளைகள் இருவருக்கும் அவரிடமிருந்து ஒரு பழுதான பிரதி நிச்சயம் சென்றிருக்கும். மற்றொன்று உங்களுடையது. நீங்கள் உறவு என்பதால் உங்களையும் சோதிப்பது நல்லது. உங்கள் இரண்டு பிரதிகளும் நலமானவை என்றால் பிள்ளைகளுக்கு இந்த வழியில் நோய் வராது. உங்களிடம் ஒன்று பழுதானதாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. உங்கள் கணவரின் உடன்பிறந்தவர்களுக்கு நான்கில் ஒன்று. மரபியல் ஆலோசகர் ஒருவர் உடனிருந்து விளக்கும் இடத்தில் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தால் அவர்களை இப்போதே சோதிக்க வேண்டியதில்லை.

பார்க்கின் பழுதால் வரும் நோய் பெரும்பாலும் மெதுவாகவே வளர்கிறது; நினைவாற்றல் பொதுவாகக் கெடுவதில்லை; குறைந்த அளவு லெவோடோபாவுக்கே உடல் நன்றாக இணங்குகிறது. அதே சமயம், அந்த மாத்திரையால் கைகால்கள் கட்டுக்கடங்காமல் அசையும் தொல்லை இளவயதினருக்கு விரைவில் வருவதால், அளவைக் கூட்டுவதில் மருத்துவர் நிதானமாகவே இருப்பார். அவர் மாத்திரையைத் தயங்கித் தருவதாக நினைத்து வேறு மருத்துவரிடம் ஓட வேண்டாம்.

மைட்டோகாண்ட்ரியாவைப் புதுப்பிக்கும் என்று கோஎன்சைம் க்யூ10 மாத்திரையை இணையத்தில் விற்கிறார்கள். மாதுளையும் பட்டினியும் கூட நல்லது என்கிறார்கள். வாங்கலாமா?
— திருத்துறைப்பூண்டி வாசகர்

க்யூ10 மாத்திரைக்குப் பணம் செலவிட வேண்டாம். 600 நோயாளிகளிடம் நாளொன்றுக்கு 1,200, 2,400 மில்லிகிராம் என இரண்டு அளவுகளில் கொடுத்துப் பார்த்து, வெற்று மாத்திரையை விட எந்த நன்மையும் இல்லை என்று 2014இல் வெளியிட்டார்கள். ஆற்றல் தரும் என்று நம்பப்பட்ட கிரியேட்டினை 1,741 பேரிடம் ஆண்டுக்கணக்கில் சோதித்ததிலும் அதே முடிவு. ஏட்டில் எவ்வளவு பொருத்தமாகத் தோன்றினாலும் நோயாளியிடம் பலன் தராத மருந்துகளின் பட்டியல் எங்கள் துறையில் நீளமானது.

மாதுளையிலுள்ள சில பொருள்களைக் குடல் நுண்ணுயிர்கள் யூரோலித்தின் ஏ என்பதாக மாற்றுகின்றன. அது பழுதான மைட்டோகாண்ட்ரியாக்களை அகற்றுவதைத் தூண்டுவதாக விலங்குகளில் கண்டிருக்கிறார்கள், முதியோரின் தசைவலு குறித்தும் சோதித்திருக்கிறார்கள். பார்கின்சன் நோயைத் தடுக்கும் என்பதற்கு அது சான்றாகாது. மாதுளை பிடித்தால் பழமாகச் சாப்பிடுங்கள். பட்டினி கிடக்க வேண்டாம். இந்நோயாளிகளில் பலர் ஏற்கெனவே எடை இழப்பவர்கள். அன்றாடம் வியர்க்க நடப்பது அசைவுகளுக்கு உதவுகிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு.

பூனைக்காலி விதைப் பொடி இதற்குக் கைகண்ட மருந்து என்று நாட்டு மருந்துக் கடையில் கொடுத்தார்கள். சின்டோபா மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா?
— நன்னிலம் வாசகர்

சேர்த்துச் சாப்பிடாதீர்கள். பூனைக்காலி விதையில் இருப்பதும் சின்டோபா மாத்திரையில் உள்ள அதே லெவோடோபாதான். 1937இலேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி ஆகிய இருவர் அதைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். ஆகவே அது வேலை செய்வதில் வியப்பில்லை. சிக்கல் அளவில் இருக்கிறது: விதைக்கு விதை, பொடிக்குப் பொடி லெவோடோபாவின் அளவு மாறும். மாத்திரையில் கார்பிடோபா என்னும் துணைமருந்து அளந்து சேர்க்கப்பட்டிருப்பதால் லெவோடோபா வழியிலேயே வீணாகாமல் மூளைக்குச் செல்கிறது. பொடியில் அது இல்லை. இரண்டையும் சேர்த்தால் எவ்வளவு உட்கொண்டீர்கள் என்று உங்கள் மருத்துவருக்கே தெரியாமல் போகும். ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டிருந்தால் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எதையும் தன்னிச்சையாகத் திடீரென நிறுத்தவும் கூடாது.

என் மனைவிக்கு அறுபது வயதையொட்டி இந்நோய் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் ஆராய்ச்சியால் எங்களைப் போன்றவர்களுக்கு எப்போது மருந்து வரும்? நேரடியாகச் சொல்லுங்கள்.
— நாகப்பட்டினம் வாசகர்

நேரடியாகவே சொல்கிறேன்: அடுத்த சில ஆண்டுகளுக்குள் மருந்துக் கடையில் வாங்கும்படி வராது.

காரணம், பழுதான மைட்டோகாண்ட்ரியாக்களை பிங்க்1, பார்க்கின் வழியாக அகற்றும் இந்த ஏற்பாடு, அவற்றின் மரபணுக்கள் பழுதான ஒரு சிறு பகுதியினரின் நோயைத் தெளிவாக விளக்குகிறது; உங்கள் மனைவியைப் போல அறுபதையொட்டி நோய் வந்த பெரும்பாலானோரின் நோயில் அதன் பங்கு எவ்வளவு என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. 2006இல் பழ ஈக்களில் இந்த மரபணுக்களை நீக்கியபோது, பறக்கும் தசையின் மைட்டோகாண்ட்ரியாக்கள் வீங்கி, ஈக்கள் பறக்க முடியாமல் போயின. பிங்க்1 இல்லாத ஈக்குப் பார்க்கினைக் கூடுதலாகக் கொடுத்தால் தேறியது, மாறாகச் செய்தால் தேறவில்லை. பிங்க்1 முன்னே, பார்க்கின் பின்னே என்ற வரிசை இப்படித்தான் உறுதியானது. ஆனால் அதே மரபணுக்களை நீக்கிய சுண்டெலிகள் ஏறக்குறைய நலமாகவே திரிந்தன. 2018இல், உயிருள்ள ஈக்களிலும் சுண்டெலிகளிலும் அகற்றலையே நேரடியாக அளந்து பார்த்தபோது, பிங்க்1 இல்லாவிட்டாலும் அன்றாட அகற்றல் பெருமளவு வழக்கம்போல் நடப்பது தெரிந்தது. அன்றாட வேலைக்கு வேறு வழிகள் இருக்கின்றன; நெருக்கடி வரும்போதுதான் இந்த வழி தேவைப்படுகிறது என்று எண்ணுகிறவர்களில் நானும் ஒருத்தி. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ விரைவாகக் கெடும்படி செய்த சுண்டெலிகளில் பார்க்கினையும் நீக்கியபோதுதான் டோபமின் செல்கள் மடிந்தன என்று 2015இல் வந்த முடிவு அந்த எண்ணத்துக்கு வலு சேர்க்கிறது.

மருந்து முயற்சிகள் நடக்காமலில்லை. பார்க்கின் ஒட்டிய யுபிக்குவிட்டின் குறியை உரித்தெடுக்கும் யுஎஸ்பி30 என்னும் நொதி மைட்டோகாண்ட்ரியாவிலேயே இருக்கிறது. அதைத் தடுத்தால் குறி நிலைத்து அகற்றல் கூடும் என்ற எண்ணத்தில் உருவான மருந்து மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனைக்கு வந்திருக்கிறது. பிங்க்1 மைட்டோகாண்ட்ரியாவின் வாயிலில் எவ்வாறு அமர்ந்திருக்கிறது என்பதை 2025இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் உருவமாகவே படம்பிடித்துவிட்டதால், அதை ஊக்கும் மூலக்கூறுகளை வடிவமைப்பது முன்பைவிட எளிது. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்திலும், செல் தன் கழிவை விழுங்கும் பொதுவான வழியைத் தூண்டும் மூலக்கூறுகளைத் தேடி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. முதற்கட்டச் சோதனையில் பார்ப்பது மருந்து பாதுகாப்பானதா, மூளையைச் சென்றடைகிறதா என்பதை மட்டுமே. நோய் மெதுவாகிறதா என்பதை அறிய அதன்பின் சில நூறு நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். க்யூ10 தோற்றது அந்தக் கட்டத்தில்தான்.

ஆறாம் ஆண்டில் மாத்திரையின் வேலை அடுத்த வேளைக்கு முன்பே தீர்ந்துபோவது பலருக்கும் நேர்வது. உங்கள் மனைவிக்கும் அப்படி இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒரு நோட்டில் மாத்திரை போட்ட நேரம், கைகால் இலகுவான நேரம், மறுபடி இறுகிய நேரம் மூன்றையும் ஒரு வாரம் குறித்து வையுங்கள். பருப்பு, தயிர், மீன், முட்டை போன்ற புரத உணவு லெவோடோபா உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்பதால் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னதாகப் போட முடிகிறதா என்று பாருங்கள். இரும்புச் சத்து மாத்திரை எடுத்துக்கொண்டால் அதை வேறு நேரத்துக்கு மாற்றுங்கள். அந்த நோட்டோடு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தால் வேளைகளைப் பிரித்துக் கொடுப்பதா, துணைமருந்து சேர்ப்பதா, ஆழ்மூளைத் தூண்டல் அறுவைக்காகத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் போன்ற இடத்துக்கு அனுப்புவதா என்று அவரால் முடிவு செய்ய முடியும்.